ரோலிங் ஸ்டோன்ஸ் லைவ் பூட்லெக் எல்பி சேக்குறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுசா சேக்க ஆரம்பிக்கிறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இதெல்லாம். 1963ல இருந்து 1973 வரைக்கும் உள்ள ஸ்டோன்ஸ் மட்டும்தான் பேசப்போறேன், அதுலயும் 1969 டூர் கொஞ்சம் ஜாஸ்தியாவே வரும், ஏன்னா நல்ல சரக்கு அங்கதான் இருக்கு.

பூட்லெக்னா திருட்டு காப்பிதானே? இதுல சேக்க என்ன இருக்கு?

மூணு விஷயத்தை எல்லாரும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. கம்பெனி வெளியிட்ட ஆல்பத்தை அட்டை, லேபிள், லோகோ எல்லாம் அச்சு அசலா அப்படியே அடிச்சு விக்கிறது கள்ள காப்பி. அதே வெளிவந்த பாட்டுங்களை வேற அட்டையில போட்டு விக்கிறது பைரசி. பூட்லெக் வேற. கம்பெனி வெளியிடவே வெளியிடாத ரெக்கார்டிங், அதாவது யாரோ கூட்டத்துல உக்காந்து பதிவு பண்ண கச்சேரி, ரேடியோவுல ஒரு தடவை வந்துட்டு போன நிகழ்ச்சி, ஸ்டுடியோவுல இருந்து நழுவி வந்த டேப், இதை எல்பியா, அதாவது பெரிய வினைல் இசைத்தட்டா போட்டா அதுதான் பூட்லெக். பேண்டுக்கு காசு போகாது, அந்த வகையில மூணுமே ஒண்ணுதான், அதை மறைக்க வேணாம். ஆனா சேக்குறவனுக்கு முதல் ரெண்டுல சுவாரசியமே இல்ல, கடையில கிடைக்கிறது எதுக்கு. மூணாவது இல்லன்னா அந்த ராத்திரி என்ன வாசிச்சாங்கன்னு நமக்கு தெரியவே தெரியாது.

ஏன் ஸ்டோன்ஸ்? பீட்டில்ஸ்ல ஆரம்பிக்கலாமே?

லைவ் வேணும்னா பீட்டில்ஸ்ல சரக்கு கம்மி. 1966 ஆகஸ்ட் 29 சான் பிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க்கோட டூர் போறதையே நிறுத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி உள்ளதுல பாதி கூட்டம் கத்துற சத்தம். அவங்க பூட்லெக்ல கில்லி ஸ்டுடியோ டேப்தான். ஸ்டோன்ஸ் அப்படி இல்ல, 1969ல திரும்ப ரோட்டுக்கு வந்தப்பதான் லைவ் பேண்டாவே உச்சத்துக்கு போனாங்க, பூட்லெக் போடுற ஆளுங்களும் சரியா அதே வருஷம்தான் கடை திறந்தாங்க. ரெண்டும் ஒரே சமயத்துல நடந்ததுதான் இந்த சேகரிப்புக்கு இவ்ளோ மவுசு வர காரணம்.

முதல் ராக் பூட்லெக் எது?

பேர் வாங்குன முதல் ஒண்ணு 1969 கோடையில லாஸ் ஏஞ்சல்ஸ்ல வந்த பாப் டிலனோட கிரேட் ஒயிட் வொண்டர். வெள்ளை அட்டை, உள்ள ரெண்டு எல்பி. 1961ல மினியாபோலிஸ்ல பதிவான பாட்டு கொஞ்சம், 1967ல தி பேண்ட்ங்கிற குழுவோட சேந்து வீட்டு பேஸ்மென்ட்ல வாசிச்சது கொஞ்சம், இப்படி கலந்துகட்டி. அதுல லைவ் கச்சேரின்னு பெருசா ஒண்ணும் இல்ல. லைவ் கச்சேரிய தானே போய் பதிவு பண்ணி, அதை எல்பியா போட்டு, கடைக்கு கொண்டுபோய் பரபரப்பாக்கினதுல ஸ்டோன்ஸ் தட்டுதான் முன்னோடி.

லைவர் லைவர்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

முழுப்பேர் லைவர் தன் யூ வில் எவர் பி. 1969 நவம்பர் 9, கலிஃபோர்னியாவுல ஓக்லண்ட் கொலீசியம். அன்னைக்கு ரெண்டு ஷோ. பின்னணி தெரிஞ்சாதான் இதோட மதிப்பு புரியும்: அமெரிக்காவுல ஸ்டோன்ஸ் 1966க்கு அப்புறம் டூரே பண்ணல, நடுவுல பிரையன் ஜோன்ஸ் பேண்டை விட்டு போயி 1969 ஜூலை 3 இறந்தும் போயிட்டாரு, அவர் இடத்துல மிக் டெய்லர்னு இருபது வயசு பையன் கிட்டார் எடுத்துட்டு வந்து நிக்கிறான். லெட் இட் பிளீட் ஆல்பம் இன்னும் கடைக்கே வரல. அப்ப அந்த ஹால்ல உக்காந்திருந்தவங்கள்ல முக்காவாசி பேரு கிம்மி ஷெல்டரையும் மிட்நைட் ராம்ப்ளரையும் வாழ்க்கையிலேயே முதல் தடவையா கேக்குறாங்க. ரெக்கார்டை போட்டு கேட்டீங்கன்னா அந்த இடத்துல கூட்டம் எப்படி இருக்குன்னு கவனிங்க, தெரிஞ்ச பாட்டுக்கு கத்துற மாதிரி கத்த மாட்டாங்க.

பதிவு பண்ணது டப்னு ஒரு ஆளு. கிரேட் ஒயிட் வொண்டர் போட்ட ரெண்டு பேருல ஒருத்தர், இன்னொருத்தர் கென். கைல இருந்தது சென்ஹைசர் 805 ஷாட்கன் மைக், ஊஹர் 4000 ரீல் டேப் ரெக்கார்டர். ஷாட்கன் மைக்குன்னா சினிமா ஷூட்டிங்ல நீளமா குழாய் மாதிரி பிடிப்பாங்களே அது, எங்க நீட்டுறமோ அந்தப் பக்கத்து சத்தத்தைதான் அதிகமா எடுக்கும், பக்கத்து சீட்டுக்காரன் விசிலடிக்கிறதை ஓரளவு ஒதுக்கிடும். ஊஹர் பேட்டரியில ஓடுற சின்ன மெஷின், ஆனா ரேடியோ நிருபருங்க தூக்கிட்டு போற தரம். அதனாலதான் அந்த தட்டு 1969 டிசம்பர்ல வந்தப்போ பல பேரு இது கூட்டத்துல இருந்து எடுத்ததே இல்ல, மேடையில இருந்தே வந்திருக்கணும்னு சந்தேகப்பட்டாங்க. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில கிரீல் மார்கஸ் பாராட்டி விமர்சனமே எழுதினாரு. ஒரு கள்ளத்தட்டுக்கு பெரிய பத்திரிகையில மரியாதையா விமர்சனம் வர்றது அப்ப சாதாரண விஷயம் இல்ல.

அட்டை வெறும் வெள்ளை, மேல ரப்பர் ஸ்டாம்ப்ல தலைப்பு குத்தியிருக்கும், அவ்ளோதான். கம்பெனி பேருன்னு லர்ச்னு வச்சுக்கிட்டாங்க. ஒரே எல்பி, பத்து பாட்டு, கரோல்ல ஆரம்பிச்சு ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்ல முடியும்.

அப்ப அன்னைக்கு முழு கச்சேரியும் அதுல இல்லையா?

இல்ல. ஒரு எல்பி பக்கத்துல இருபதுல இருந்து இருபத்தஞ்சு நிமிஷம் வரைக்கும் போட்டாதான் சத்தம் உருப்படியா இருக்கும், அதுக்கு மேல திணிச்சா கோடு நெருக்கமாயி சத்தம் மெலிஞ்சு போகும், பேஸ் காணாம போயிடும். அந்த டூர்ல ஒரு ஷோ ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும், அதனால வெட்டித்தான் ஆகணும். அந்த டூர்ல எல்லா ராத்திரியும் முதல்ல வாசிச்ச ஜம்பிங் ஜாக் ஃப்ளாஷே இந்த தட்டுல கிடையாது. பூட்லெக்ல பாட்டு வரிசையும் நம்பகமில்ல, நேரத்துக்கு தோதா முன்ன பின்ன மாத்திடுவாங்க. ஒரு பாட்டு முடிஞ்சு கைதட்டல் திடீர்னு வேற மாதிரி ஆச்சுன்னா அங்க கத்திரி விழுந்திருக்குன்னு அர்த்தம்.

இந்த பூட்லெக்தான் ஸ்டோன்ஸோட ஆபிஷியல் லைவ் ஆல்பம் கெட் யெர் யா-யாஸ் அவுட் வர காரணம்னு சொல்றாங்க, உண்மையா?

அப்படித்தான் பொதுவா சொல்றது, ஓரளவுக்கு சரியும் கூட. ஆனா ஒண்ணு யோசிங்க, பூட்லெக் கடைக்கு வந்தது டிசம்பர், கம்பெனி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல பதிவு பண்ணது அதுக்கு முன்னாடியே நவம்பர் 27, 28ல. அதுக்கும் முதல் நாள் பால்டிமோர்லயும் பதிவு பண்ணாங்க. ஆக லைவ் ஆல்பம் எண்ணம் ஏற்கெனவே இருந்திருக்கு, பூட்லெக் வித்த வேகத்தைப் பாத்து இதை பெட்டியில வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருப்பாங்கங்கிறதுதான் எனக்கு படுது. 1970 செப்டம்பர்ல வந்துச்சு, டெக்கா ரெக்கார்டு கம்பெனியோட இருந்த ஒப்பந்தமும் அந்த கோடையிலேயே முடிஞ்சுது.

கேக்க வேண்டிய வித்தியாசம் இன்னொண்ணு இருக்கு. யா-யாஸ்ல சில பாட்டுக்கு பாடகர் மிக் ஜாகர் ஸ்டுடியோவுல உக்காந்து திரும்ப பாடி சேத்திருக்காரு. தப்பு ஒண்ணும் இல்ல, எல்லாரும் பண்றதுதான். 1966ல வந்த காட் லைவ் இஃப் யூ வான்ட் இட் ஆல்பத்துல இதைவிட மோசம், ரெண்டு ஸ்டுடியோ பாட்டு மேல கூட்டத்து கத்தலை ஒட்டவச்சு லைவ்னு வித்தாங்க. ஓக்லண்ட் தட்டுல அந்த வேலையெல்லாம் கிடையாது, மூச்சு வாங்குனா வாங்குன மாதிரியே இருக்கும். நான் ரெண்டையும் வச்சிருக்கேன், லிட்டில் குயினி கேக்கணும்னா ஓக்லண்ட்தான் எடுப்பேன்.

இதுல ஒரு வேடிக்கை. தி ஹூங்கிற இன்னொரு ராக் பேண்ட் 1970ல லைவ் அட் லீட்ஸ் ஆல்பம் போட்டப்போ பூட்லெக் மாதிரியே சாதா பழுப்பு அட்டையில ஸ்டாம்ப் குத்துன மாதிரி பேரை போட்டாங்க, லேபிள்ல கரகர சத்தம் இருக்கட்டும் சரி பண்ணாதீங்கன்னு வேற எழுதி வச்சாங்க. கம்பெனி தட்டு கள்ளத்தட்டு வேஷம் கட்டுற அளவுக்கு ஒரே வருஷத்துல நிலைமை மாறிப்போச்சு.

முதல் பிரஸ்ஸிங்தானான்னு, அதாவது முதல் தடவை அடிச்ச தட்டுதானான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் பாதி பேரு இதை படிக்கிறீங்கன்னு தெரியும், அதனால நிதானமா சொல்றேன். அட்டையை பாத்து முடிவு பண்ணாதீங்க, தட்டை பாருங்க. வெள்ளை அட்டை எந்த ஊர்லயும் கிடைக்கும், ரப்பர் ஸ்டாம்ப் எந்த முக்குலயும் செஞ்சு கொடுப்பான், ஒரு மத்தியானத்துல உக்காந்து ஐம்பது "1969 ஒரிஜினல்" தயார் பண்ணிடலாம். லர்ச் தட்டு வந்த கொஞ்ச நாள்லயே மத்த பூட்லெக்காரங்க அதை காப்பியடிக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் பல வருஷம் பல பேருல பல அட்டையில வந்துக்கிட்டே இருந்துச்சு.

பாக்க வேண்டியது டெட் வாக்ஸ். கடைசி பாட்டு முடிஞ்சு லேபிள் ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல வழுவழுன்னு ஒரு வளையம் இருக்கும், அதுல கையால கீறுன எழுத்தும் நம்பரும் இருக்கும், அதுதான் மேட்ரிக்ஸ். டார்ச்சை சாய்ச்சு பிடிச்சா நல்லா தெரியும். அதை டிஸ்கோகிராஃபியில, அதாவது வந்த தட்டுங்களோட பட்டியல்ல, இருக்கிற நம்பரோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடணும், கோடு புள்ளி கூட விடக்கூடாது. கனடாவுல இருந்து வந்துக்கிட்டிருந்த ஹாட் வாக்ஸ் பட்டியலுங்க இதுக்குன்னே போட்டது, பழசா இருந்தாலும் இன்னும் உபயோகம். டிஸ்காக்ஸ்ங்கிற வெப்சைட்லயும் ஒவ்வொரு பிரஸ்ஸிங்குக்கும் மேட்ரிக்ஸ் போட்டிருப்பாங்க. விக்கிறவர்கிட்ட அட்டை போட்டோ கேக்காதீங்க, டெட் வாக்ஸ் போட்டோ ரெண்டு பக்கமும் கேளுங்க. தர மறுத்தா விட்ருங்க, பேசி பிரயோஜனம் இல்ல.

அடுத்து காது. பூட்லெக்காரன் ஒருத்தன் இன்னொருத்தன் தட்டை காப்பியடிக்கும்போது டேப் கையில இருக்காது, அந்த எல்பியையே பிளேயர்ல ஓட்டி அதுல இருந்து புது மாஸ்டர், அதாவது தட்டு அடிக்கிற மூல அச்சு வெட்டுவான். அப்ப மூலத்தட்டுல இருந்த கீறல் சத்தமும் சேந்தே பதிவாயிடும். உங்க தட்டுல அந்த இடத்தை விளக்கு வெளிச்சத்துல பாத்தா கீறலே இருக்காது, ஆனா டிக் டிக்னு கேக்கும். அப்படி கேட்டா அது காப்பிக்கு காப்பி, சந்தேகமே வேணாம். 70கள்ல கான்ட்ராபேண்ட் மியூசிக்னு ஒரு லேபிள், அதாவது பூட்லெக் கம்பெனி, இதுக்கு ரொம்ப பேர் போனது, அவங்க தட்டுல பலது வேற ஆளு தட்டை உருவினது, சத்தம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும்.

சீல் பிரிக்கலங்கிறது ஆதாரமே இல்ல. அட்டை மேல இறுக்கி ஒட்டுற பிளாஸ்டிக் உறைதான் ஷ்ரிங்க் ராப், அந்த மெஷின் யார்கிட்ட வேணா இருக்கலாம்.

பன்னி படம் போட்ட தட்டு பாத்தேன், அது என்ன கம்பெனி?

டிரேட் மார்க் ஆஃப் குவாலிட்டி, டிஎம்ஓகியூன்னு சுருக்கமா சொல்லுவாங்க. மேல சொன்ன டப்பும் கென்னும்தான் அதையும் நடத்துனது. வெள்ளை அட்டை மேல பன்னி ஸ்டிக்கர், கூடவே கலர் பேப்பர்ல பாட்டு லிஸ்ட் அச்சடிச்ச ஒரு தாள், அதை இன்சர்ட்டுன்னு சொல்லுவோம், அது அட்டையில ஒட்டியிருக்காது, ஷ்ரிங்க் ராப்புக்கு அடியில சும்மா வச்சிருப்பாங்க. ராப்பை கிழிச்சா இன்சர்ட் போச்சு, அதனாலதான் இன்சர்ட்டோட இருக்கிற காப்பிக்கு விலை ஏறுது. நிறைய தட்டு கலர் வினைல்ல வந்துச்சு. அப்புறம் வில்லியம் ஸ்டவுட்னு ஒரு ஓவியர் இவங்களுக்கு காமிக்ஸ் பாணியில அட்டை வரைஞ்சு கொடுத்தாரு, அதுக்குன்னே தனியா சேக்குறவங்க இருக்காங்க, பாட்டு கேக்குறாங்களான்னு எனக்கு சந்தேகம்தான். ரெண்டு பேரும் பிரிஞ்சதுக்கு அப்புறம் கென் பக்கம் சுருட்டு பிடிக்கிற பன்னி வந்துச்சு, பின்னாடி அமேசிங் கார்னிஃபோன்னு பேரை மாத்திக்கிட்டாரு. 80கள் கடைசியில ஐரோப்பாவுல ஸ்விங்கிங் பிக்னு ஒண்ணு வந்துச்சு, அது வேற ஆளுங்க, பேருல பன்னி இருக்குன்னு ஏமாந்துறாதீங்க.

அட்டையில போட்டிருக்கிற தேதி, ஊரை நம்பலாமா?

பாதிக்கு மேல நம்பக்கூடாது. சிலது தெரியாம தப்பா போட்டது, சிலது வேணும்னே, ஒரே கச்சேரியை ரெண்டு பேருல போட்டா ரெண்டு தடவை விக்கலாமே. நாமே சரிபார்க்க வழி பாட்டு வரிசைதான். பிரவுன் ஷுகரை எடுத்துக்கோங்க, அலபாமா மஸில் ஷோல்ஸ்ல 1969 டிசம்பர் முதல் வாரம்தான் அந்த பாட்டையே பதிவு பண்ணாங்க, மேடையில முதல்ல வாசிச்சது டிசம்பர் 6 ஆல்டமான்ட் கச்சேரியில. ஆக நவம்பர் 1969 கச்சேரின்னு போட்டு உள்ள பிரவுன் ஷுகர் இருந்தா அட்டை பொய் சொல்லுது. அதே மாதிரி ராபர்ட் ஜான்சனோட லவ் இன் வெய்ன் ஸ்லைடு கிட்டாரோட வந்துட்டு 1966னு எழுதியிருந்தா சிரிச்சுட்டு கீழ வைங்க, அது மிக் டெய்லர் வந்ததுக்கு அப்புறம் உள்ள சமாச்சாரம்.

பிரையன் ஜோன்ஸ் காலத்து லைவ் தட்டு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனா கூட்டத்துல இருந்து எடுத்தது அபூர்வம், எடுத்திருந்தாலும் பொண்ணுங்க கத்துற சத்தத்துல பேண்டை தேடணும். அப்ப மேடை ஸ்பீக்கர் சிஸ்டமும் அவ்ளோதான், கையில தூக்குற நல்ல ரெக்கார்டரும் சாதாரணமா யார்கிட்டயும் இல்ல. அதனால இந்த காலத்துக்கு ரேடியோதான் கதி. பிபிசி நிகழ்ச்சிங்க, 1966 ஜூலை 28 ஹவாய் ஹொனலூலு ஷோ ரேடியோவுல போனது, பாரிஸ் ஒலிம்பியா கச்சேரிங்க, இதெல்லாம் பல பேருல சுத்தும். பிபிசி சரக்குல பெரும்பகுதி 2017ல ஆன் ஏர்னு ஆபிஷியலாவே வந்துடுச்சு.

ஆடியன்ஸ் டேப், சவுண்ட்போர்டு, இதுல எது ஒசத்தி?

கூட்டத்துல மைக் வச்சு எடுத்தது ஆடியன்ஸ். மேடை மிக்ஸர்ல இருந்து நேரா கம்பி போட்டு எடுத்தது சவுண்ட்போர்டு. சவுண்ட்போர்டுன்ன உடனே எல்லாரும் வாயைப் பிளக்குறாங்க, ஆனா அதுல ஒரு சிக்கல், மிக்ஸர் வழியா போறது ஹாலுக்கு தேவைப்படுறது மட்டும்தான். கிட்டார் ஆம்ப் தானே சத்தமா இருந்தா அதை மிக்ஸர்ல கம்மியா விடுவாங்க, அப்ப டேப்ல குரல் மட்டும் முன்னாடி நிக்கும் கிட்டார் எங்கயோ கேக்கும், ஹாலோட உயிரே இருக்காது. நல்ல ஆளு நல்ல இடத்துல உக்காந்து எடுத்த ஆடியன்ஸ் டேப் பல சமயம் அதைவிட மேல. ஓக்லண்டே சாட்சி.

இன்னொண்ணு வேகம். பேட்டரி இறங்க இறங்க ரெக்கார்டர் மெதுவா ஓடும், அதை வீட்டுல சரியான வேகத்துல ஓட்டுனா பாட்டு பிட்ச் ஏறி கேக்கும். டேப் காப்பிக்கு காப்பி ஆகும்போது இது இன்னும் கூடும். டர்ன்டேபிள்ல பிட்ச் கன்ட்ரோல் இருந்தா ஒரு கிட்டாரை வச்சுக்கிட்டு சரி பண்ணலாம், ஹாங்கி டாங்க் விமன் ஜி சுருதியில இருக்கணும், அதுக்கு பொருந்துற வரைக்கும் திருகுங்க. திடீர்னு ஜாகர் குரல் ஜாகர் மாதிரி ஆயிடும்.

1972, 73 டூர் தட்டு ஏன் இவ்ளோ இருக்கு?

பேண்ட் உச்சத்துல இருந்தும் ஆபிஷியல் லைவ் ஆல்பம் வராததுனால. 1972 அமெரிக்க டூரை பதிவு பண்ணி ஆல்பமா போட திட்டம் இருந்துச்சு, ஸ்டீவி வொண்டர் கூட அந்த டூர்ல வாசிச்சாரு, ஆனா பழைய பாட்டு உரிமை முன்னாள் மேனேஜர் ஆலன் கிளைனோட ஆப்கோ கம்பெனி கையிலயும் டெக்கா கையிலயும் இருந்ததால இழுபறியாகி நின்னு போச்சு. 1973 அக்டோபர் 17 பிரஸ்ஸல்ஸ் கச்சேரி ரேடியோவுக்குன்னு சுத்தமா பதிவானது, அதை பூட்லெக்காரங்க பிரஸ்ஸல்ஸ் அஃபேர், நாஸ்டி மியூசிக்னு பல பேருல போட்டு தள்ளுனாங்க. மிக் டெய்லர் வாசிச்சதுல எது பெஸ்ட்டுன்னு சண்டை வந்தா அதுல பாதி பேரு இதைத்தான் சொல்லுவாங்க, நானும்.

ஆபிஷியலா வந்துட்டா பழைய பூட்லெக் மதிப்பு போயிடாதா?

பிரஸ்ஸல்ஸ் 2011ல பேண்டே வெளியிட்டாங்க. லீட்ஸ் யூனிவர்சிட்டி 1971 மார்ச் 13 கச்சேரி, 2015ல ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ் ஆல்பத்தோட பெரிய பாக்ஸ் செட்டுல வந்துச்சு. யா-யாஸ் 2009 பாக்ஸ் செட்டுல விட்டுப்போன அஞ்சு பாட்டும், அன்னைக்கு ஸ்டோன்ஸுக்கு முன்னாடி மேடையேறி வாசிச்ச பி.பி. கிங், ஐக் அண்ட் டீனா டர்னர் செட்டும் சேத்தாங்க. சத்தத்துக்காக மட்டும் சேக்குறவங்களுக்கு பழைய தட்டு தேவையில்லாம போச்சு, அது நியாயம்தான். ஆனா முதல் பிரஸ்ஸிங் விலை அதனால விழுந்துடல. 70கள் நடுவுல காப்பியடிச்ச சுமாரான தட்டுங்கதான் அடி வாங்குச்சு, வாங்கட்டும்.

யூட்யூப்ல எல்லாம் ஃப்ரீயா கிடைக்குதே, எதுக்கு காசு கொடுத்து வாங்கணும்?

கேக்க மட்டும்னா வாங்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

இது வச்சிருக்கிறது சட்டப்படி தப்பா?

அமெரிக்க கதை மட்டும் சொல்றேன், தட்டுங்க பிறந்தது அங்கதான். 1972 பிப்ரவரி 15க்கு முன்னாடி பதிவான ஒலிக்கு 2018 வரைக்கும் அங்க மத்திய காப்பிரைட் சட்டத்துல பாதுகாப்பே கிடையாது, மாநில சட்டம்தான் இருந்துச்சு. பாட்டு எழுதுனவங்களுக்கு உரிமை இருந்துச்சு, பதிவுக்கு இல்ல. அந்த ஓட்டையிலதான் 1969ல இவங்க கடை போட்டாங்க. 1985ல டௌலிங் வழக்குல, எல்விஸ் பூட்லெக் சம்பந்தப்பட்டது, பூட்லெக் தட்டை திருட்டு சொத்து சட்டத்துக்குள்ள கொண்டுவர முடியாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, காப்பிரைட் மீறலே இல்லைன்னு சொல்லல, அதை கவனிக்கணும். 1994ல அனுமதி இல்லாம லைவ் கச்சேரிய பதிவு பண்ணி விக்கிறதையே தனியா தடை பண்ணிட்டாங்க. அங்க குறி வைக்கிறது அடிக்கிறவனையும் விக்கிறவனையும்தான். நீங்க புதுசா அடிச்சு விக்க கிளம்புனீங்கன்னா நான் இந்தப் பக்கமே இல்ல.

எங்க வாங்குறது? டிஸ்காக்ஸ்ல பட்டியல் இருக்கு, வாங்குற பட்டன் இல்லையே?

அங்க தகவலுக்கு பட்டியல் வைக்கலாம், பூட்லெக்கை விக்க விட மாட்டாங்க. ஈபேயும் விதிப்படி தடை, வந்தாலும் தூக்கிடுவாங்க. ஆக நேர்ல போற ரெக்கார்டு சந்தை, பழைய தட்டு கடை, சேக்குறவங்களுக்குள்ள கை மாத்துறது, இதான் வழி. நெதர்லாந்துல நடக்கிற பெரிய ரெக்கார்டு சந்தைக்கு ஐரோப்பா முழுக்க இருந்து வியாபாரிங்க வருவாங்க. டோக்கியோ போனா நிஷி ஷின்ஜுகு தெருவுல பூட்லெக்குக்குன்னே கடைங்க இருக்கு, பெரும்பாலும் சிடிதான், வினைலும் மாட்டும். இறந்துபோன ஒருத்தரோட முழு கலெக்‌ஷனை குடும்பம் விக்கிறப்போதான் நல்ல சரக்கு வெளிய வரும், அதுக்கு பழக்கம் வேணும், பொறுமையும் வேணும்.

சென்னையில பழைய எல்பி கடைங்கள்ல தேடலாமான்னு கேக்குறீங்க. யா-யாஸ் மாதிரி கம்பெனி தட்டு மாட்டும், பூட்லெக் எதிர்பாக்காதீங்க, யாராவது வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்திருந்தாதான் உண்டு.

பார்சல்ல வரவழைச்சா தட்டை அட்டைக்கு வெளிய எடுத்து தனியா வச்சு பேக் பண்ண சொல்லுங்க, இல்லன்னா வழியில தட்டு முட்டி அட்டையோட விளிம்பை கிழிச்சிடும். ஷ்ரிங்க் ராப் பிரிக்காத டிஎம்ஓகியூன்னா இதை பண்ண முடியாது, அதுக்கு ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்து நெருக்கமா கட்ட சொல்றதுதான் வழி.

இப்ப கடையிலேயே புதுசா ரேடியோ பிராட்காஸ்ட்னு லைவ் எல்பி விக்குதே, அது ஆபிஷியலா?

இல்ல. ஐரோப்பாவுல பழைய ரேடியோ ஒலிபரப்புக்கு உள்ள சட்ட சந்துபொந்துல புகுந்து போடுறது, பேண்டோட லோகோ இருக்காது, கம்பெனி பேரு கேள்விப்பட்டதா இருக்காது. பளபளன்னு பார்கோடோட வர்றதால ஜனங்க ஏமாறுறாங்க. பலதும் நெட்ல கிடைக்கிற டிஜிட்டல் ஃபைலை எடுத்து வினைல்ல அடிச்சதுதான், அப்புறம் வினைல்ல என்ன விசேஷம். சேகரிப்பா எனக்கு இதுல ஆர்வம் இல்ல.

பராமரிப்பு? நம்ம ஊரு வெயில்ல, ஈரத்துல தாங்குமா?

வினைல் தாங்கும், பேப்பர்தான் தாங்காது. பிவிசி பிளாஸ்டிக் உறை மட்டும் போடாதீங்க, வருஷக்கணக்குல ஒட்டியே இருந்தா தட்டு மேல பால் படிஞ்ச மாதிரி மங்கலாயிடும், கழுவுனாலும் போகாது, கரகரன்னு கேக்கும். பாலிஎத்திலீன் உறை வாங்குங்க. இன்சர்ட் தாள் மலிவு காகிதம், வெயில் பட்டா கலர் போயிடும், தனி உறையில வைங்க. ரப்பர் ஸ்டாம்ப் மையை ஈரத்துணியால துடைக்கவே கூடாது, அழுக்கா இருந்தா அழுக்காவே இருக்கட்டும். தட்டை கழுவ டிஸ்டில்டு வாட்டர், லேபிள்ல தண்ணி படாம பாத்துக்கோங்க, பழைய பூட்லெக் லேபிள் சிலது சாதா பேப்பர், ஊறிடும். நிக்க வச்சு அடுக்குங்க, மழைக்காலத்துல சுவரை ஒட்டி வைக்காதீங்க.

விலை எவ்ளோ ஆகும்?

தட்டுக்கு தட்டு, ஆளுக்கு ஆளு மாறும், நம்பர் சொன்னா அடுத்த மாசமே பொய்யாயிடும். வரிசை மட்டும் சொல்றேன்: மேட்ரிக்ஸ் சரியா பொருந்துற லர்ச் முதல் பிரஸ்ஸிங் மேல, அப்புறம் இன்சர்ட்டோட உள்ள டிஎம்ஓகியூ கலர் வினைல், அப்புறம் ஸ்டவுட் அட்டை உள்ளது, அதுக்கப்புறம் மத்ததெல்லாம். வெளிநாட்டுல இருந்து வந்தா தட்டு விலையை பார்சலும் கஸ்டம்ஸும் சில சமயம் தாண்டிடும், அதையும் சேத்து கணக்கு போட்டுட்டு பேரம் பேசுங்க.

கலர் வினைல் சத்தம் மோசம்னு சொல்றாங்களே?

கலரால இல்ல. உருக்கின பழைய வினைலை கலந்து அடிச்சா கருப்பா இருந்தாலும் இரைச்சல்தான். டிஎம்ஓகியூ கலர் தட்டுங்க பெரும்பாலும் அமைதியாவே ஓடும்.

கைல கொஞ்சம் காசு இருக்கு, முதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எது?

ஓக்லண்டை தேடாதீங்க, போலி அதிகம், கண்ணு பழகாம வாங்குனா மாட்டிப்பீங்க. பிரஸ்ஸல்ஸ் 73 கச்சேரி எந்த லேபிள்ல கிடைச்சாலும், டெட் வாக்ஸ் சரியா இருந்து ஊசி தாவாம ஓடுச்சுன்னா அதை எடுங்க. மூலம் ரேடியோ தரம், அதனால சுமாரான பிரஸ்ஸிங்லயும் கேக்குற மாதிரி இருக்கும், விலையும் தலையில ஏறாது, மேட்ரிக்ஸ் ஒப்பிடுற பழக்கமும் அதுலயே வந்துடும்.